தண்ணீரில் கிடப்பவர்களுக்கு ஒரு தளம்

அந்தப் போர்க்கப்பலை யாரும் கட்டவில்லை, கட்டப்போவதுமில்லை. ஆனால் அது ஒழுங்காக மிதக்காவிட்டால் என் படிப்பு அத்தோடு முடிந்துவிடும் என்ற நிலையில் நான் இருந்தேன்.

வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பாடமும் போய்க்கொண்டிருந்தது, கப்பல் வடிவமைப்பைத் தவிர. முதல் முறை பயத்தில் தவறினேன். இரண்டாம் முறை, எல்லாம் தெரியும் என்ற திமிரில் தவறினேன். ஜேர்மனியில் மூன்றாம் முறை என்று ஒன்று இருக்கிறது. அதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்து ஆளை எடுத்துவிடுவார்கள். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே படிப்பைத் தொடரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நாடு முழுக்க எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்படும்.

பேராசிரியர் நெட்டையான, மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். ஒவ்வொரு மாணவருக்கும் பழைய காலத்துக் கப்பல் ஒன்றைக் கொடுத்து, அந்தக் காலத்து முறைப்படி, கணினி இல்லாமல், தாளும் பென்சிலும் வைத்து வடிவமைக்கச் சொல்வது அவர் வழக்கம். என்னோடு படித்த ஒருவனுக்கு வாழைப்பழம் ஏற்றும் கப்பல் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, முதலாம் உலகப் போருக்குச் சற்று முந்திய ஜேர்மன் போர்க்கப்பல். அப்படி ஒரு கப்பல் உண்மையில் இருந்ததில்லை. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டும்.

பீரங்கிகள் எத்தனை, இரும்புக் கவசம் எவ்வளவு தடிப்பு, நிலக்கரி குறைந்தது எவ்வளவு என்பதையெல்லாம் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றில் கை வைக்கக் கூடாது. கடைசியாக ஒரு நிபந்தனை. ஜேர்மனியின் வட முனைக்கு மேற்கே ஒரு கடல், கிழக்கே ஒரு கடல், இரண்டையும் இணைக்க நடுவே ஒரு கால்வாய். கப்பல் முழுச் சுமையோடு அந்தக் கால்வாய் வழியே போகவேண்டும். அதன் ஆழத்துக்கு ஏற்ற எல்லையைத் தாண்டி இம்மியும் தாழக் கூடாது. தாழ்ந்தால் தரை தட்டும். கப்பல் தரை தட்டினால் நானும் தட்டுவேன்.

விடுமுறைக்கு ஹம் என்ற ஊருக்கு, அம்மா அப்பாவிடம் வந்து, குசினியில் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து அந்தக் கப்பலைப் போட்டேன். அப்பா கம்பித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் நித்திரை கொள்ளும் நேரத்தில் வீட்டில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"சண்டைக் கப்பலோ?"

"ஓம்."

"இவங்களுக்கு வேறை கப்பல் கிடைக்கேல்லையோ உனக்குத் தாறதுக்கு?"

அம்மா மன்னாரில் கடற்கரை ஊர்க்காரர். கடற்படைப் படகின் இயந்திரச் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று முடிவெடுத்து வளர்ந்தவர். இராமேசுவரத்துக்கு மீன்பிடிப் படகில் தப்பி வந்து, பிறகு எப்படியெப்படியோ ஜேர்மனிக்கு வந்தார். அதைப்பற்றி வீட்டில் அதிகம் பேச்சு இல்லை. அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தார் என்பதும், அவர் வர மறுத்து ஊரிலேயே நின்று பிறகு ஷெல் விழுந்து செத்துப்போனார் என்பதும் எனக்குத் தெரியும். நான் சித்தி என்று கூப்பிட்டிருக்கவேண்டிய ஆள். சுவரில் படம்கூட இல்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சமையலைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கப்பல் கெட்டது அங்கேதான். எங்கள் வீட்டில் அளவு என்ற பேச்சே கிடையாது. மூன்று பேருக்கு அரிசி போட்டால் அதன் மேல் ஒரு சுண்டு, ஒரு சின்னப் பேணி அளவு. குழம்புக்கு மீன் வெட்டினால் அதன் மேல் இரண்டு துண்டு. ஏன் என்று கேட்டால், "கிடக்கட்டும், யாரும் வருவினம்" என்பார் அம்மா. யார் வருவார்கள்? இந்த நாட்டில் சொந்தத் தம்பி வீட்டுக்குப் போகவே டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்கவேண்டும். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லாமல் சாப்பாட்டுக்கு வந்ததில்லை. மிஞ்சியது அடுத்த நாள் அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போகும். இதை நான் எத்தனையோ தரம் நக்கலடித்திருக்கிறேன். ஆனால் அதே கை எனக்கும் வாய்த்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

கப்பலில் நானாக விரும்பிச் சேர்த்த ஒரு விஷயமும் இருந்தது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. இது சண்டைக்குப் போகிற கப்பல். பக்கத்தில் இன்னொரு கப்பல் மூழ்கும். நூற்றுக்கணக்கான ஆட்கள் கடலில் கிடப்பார்கள். அவர்களை ஏற்றினால் எங்கே படுக்கவைப்பது? போர்க்கப்பலுக்குள் அதன் மாலுமிகளுக்கே இடம் காணாது. ஆகவே கப்பலின் நடுப்பகுதியில் மேலதிகமாக ஒரு தளம் வரைந்தேன். படுக்கைகள், குடிதண்ணீர், உணவு, ஒரு சின்ன வைத்திய அறை. வரைந்து முடித்தபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. அவ்வளவு பெரிய இரும்புக் குவியலில் மனிதர் வாழக்கூடிய ஒரே இடம் அதுதான் என்று நினைத்தேன்.

கணக்கு எல்லைக்குள் வந்தது. வரைபடங்களையும் கணக்கையும் அனுப்பிவைத்தேன். அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மிச்சம் வாய்மொழிப் பரீட்சை மட்டும்தான்.

பரீட்சைக்கு அம்மாவும் வருவேன் என்று நின்றார். "நான் வாறன். வெளியிலை இருப்பன்" என்றார். அங்கே யாரும் தாயைக் கூட்டிக்கொண்டு பரீட்சைக்கு வருவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அவையின்ரை தாய்மார் வராட்டி நான் என்ன செய்ய?" என்று கேட்டார். லீவும் எடுத்துவிட்டார்.

காலை ரயிலில் அம்மா ஜன்னலோரம் இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. ஒஸ்னாப்ரூக் தாண்டியதும் பையைத் திறந்தார். ரோல்ஸ், முட்டை வைத்த பாண், கட்லட், இன்னும் ஏதோ. நாங்கள் இரண்டு பேர். அந்தப் பை ஐந்து பேரைத் தாங்கும்.

"இவ்வளவும் ஆருக்கு?" என்றேன்.

"உன்ரை வாத்தியாருக்கும் சேர்த்துத்தான். கிடக்கட்டும்."

நான் ஒரு ரோல்ஸைக் கடித்தபடி என் கணக்கின் நகலைத் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். நிலக்கரி: பேராசிரியர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டிருந்தேன். அது எனக்கு ஞாபகம் இருந்தது. கொதிகலன் தண்ணீர்: அதிலும் கொஞ்சம். குண்டுகள், நங்கூரச் சங்கிலி, மாலுமிகளின் மா, உப்பிட்ட இறைச்சி, பூச்சு மை, கயிறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம். எதையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டி, அதற்கும் மேலே கடைசியில் பாதுகாப்புக்கு என்று பாடப்புத்தகம் சொன்னபடி இன்னொரு பங்கு சேர்த்திருந்தேன். அதாவது மேலதிகத்துக்கு மேல் மேலதிகம். அப்படியிருந்தும் எப்படி எல்லைக்குள் வந்தது? ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. அந்தப் பக்கத்தையும் சேர்த்தால் கப்பல் எல்லையைத் தாண்டி அரை மீற்றருக்கும் மேல் தாழ்ந்து கிடந்தது.

கடித்த ரோல்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். ரயில் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை?"

"கப்பல் தரை தட்டுது."

"எங்கை?"

"கால்வாயிலை. எல்லாத்திலையும் கூடப் போட்டிருக்கிறன் அம்மா. உங்களை மாதிரி. கிடக்கட்டும், கிடக்கட்டும் எண்டு. உங்களாலைதான் இது."

அடுத்த இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். அம்மா பையின் வாயை மடித்து மூடி, திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். மிச்சப் பயணம் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். எனக்கு அவரைச் சமாதானப்படுத்த நேரமில்லை. பிழையைச் சொல்வதா விடுவதா என்ற ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கவனிக்காமல் விட்டிருந்தால் நான் தப்பலாம். கவனித்திருந்தால், நான் சொல்லாமல் இருந்தது இரண்டாவது பிழையாகும். அவர் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை, ஒருவேளை, ஒருவேளை என்று சொல்லிக்கொண்டே வந்தது.

பரீட்சை அறைக்கு வெளியே நீண்ட நடை. சுவரோரம் ஒரு வாங்கு. அம்மா அதில் இருந்தார். நான் உள்ளே போனேன்.

உள்ளே பேராசிரியரும், குறிப்பு எடுக்க ஒரு பெண் விரிவுரையாளரும் இருந்தார்கள். என் வரைபடம் மேசையில் விரிக்கப்பட்டிருந்தது. பேராசிரியர் வணக்கம் சொல்லி, எங்கிருந்து தொடங்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

"பிழையிலிருந்து" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்தக் கப்பல் கால்வாயில் தரை தட்டும்."

குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த பேனா நின்றது. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆச்சரியப்பட்டாரா, முன்னமே தெரிந்து வைத்திருந்தாரா என்று அந்த முகத்தில் இருந்து எதையும் பிடிக்க முடியவில்லை. விட்டுப்போன பக்கத்தைக் காட்டினேன். ஒவ்வொரு எடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்ததைச் சொன்னேன்.

"ஏன் கூட்டினீர்கள்?"

"பழக்கம்."

"சரி. கரும்பலகை இருக்கிறது. உங்கள் கப்பலைத் தூக்குங்கள். எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்று காரணத்தோடு சொல்லுங்கள்."

எழுதினேன். நிலக்கரியை அவர் கேட்ட அளவுக்குக் குறைத்தேன். தண்ணீரை, மாவை, சங்கிலியை, பூச்சு மையைக் குறைத்தேன். ஒவ்வொன்றையும் குறைக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். பாரம் கீழே குறைந்தபின் கப்பல் ஒரு பக்கம் சரிந்தால் திரும்ப நிமிருமா? கப்பல் உயர்ந்தால் பக்கக் கவசத்தின் கீழ் விளிம்பு எங்கே வரும்? சுண்ணாம்புத் தூள் கையெல்லாம் ஒட்டியிருந்தது. முதுகு நனைந்துவிட்டது. பதில் சொன்னேன். சிலதை இரண்டாம் தரம்தான் சரியாகச் சொன்னேன். கப்பல் உயர்ந்துகொண்டே வந்தது. எல்லைக் கோட்டுக்கு நாலு விரற்கிடை மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு மேல் கழற்ற எதுவும் இருக்கவில்லை.

ஒன்று இருந்தது. பேராசிரியர் பென்சில் முனையை வரைபடத்தின் நடுவில் வைத்தார்.

"இது என்ன?"

சொன்னேன். கடலிலிருந்து ஏற்றப்படுகிறவர்களுக்கு என்றேன்.

"அப்படி ஒரு தளத்தை எந்தக் கடற்படையும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை."

"தெரியும். ஆனால் இது மேலதிகம் இல்லை. தெரிந்துதான் வைத்தேன்."

"நாலு விரற்கிடை" என்றார் அவர், அதே தணிந்த குரலில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் எப்போதும் வரக்கூடாத இடத்தில்தான் வரும். "மனிதரைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு முகத்தை மறைக்கப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் எதையும் சொல்லவில்லை" என்றார். "தரை தட்டும் என்று உங்கள் கணக்குத்தான் சொல்கிறது. வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வந்து முடிவைச் சொல்லுங்கள்."

வெளியே வந்தேன். அம்மா எழும்பி நின்றார். ரயிலில் நான் சொன்னதற்கு அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது.

"முடிஞ்சுதோ?"

"இல்லை. ஒரு தளத்தைக் கழட்டவேணும். எனக்கு ஏலாமல் கிடக்கு."

"கழட்டன்."

"அது தண்ணிக்குள்ளை கிடக்கிற ஆக்களுக்கு, அம்மா. வேறை கப்பல் மூழ்கினால், அந்த ஆக்களை ஏத்திறதுக்கு."

அம்மா என் கையைப் பிடித்து, ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு கேட்டார்.

"கழட்டாட்டி?"

"கப்பல் போகாது. தட்டிப்போகும்."

"அப்ப உள்ளுக்கை இருக்கிற ஆக்கள்?"

நான் மூடியிருந்த பரீட்சை அறைக் கதவைப் பார்த்தேன்.

"உன்ரை சித்தி படகடிக்கு வந்தவள்" என்றார் அம்மா.

எனக்கு விளங்கவில்லை. "அவ வரமாட்டன் எண்டு நிண்டவ எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அது நான் சொன்ன பொய். எனக்குப் பின்னாலை இடுப்பளவு தண்ணிக்குள்ளை நிண்டவள். நான் ஏறிற்றன். படகோட்டி அவளுக்குக் கையைக் காட்டி நிப்பாட்டிப் போட்டான். ஒராள்தானே அண்ணை, ஏத்துங்கோ எண்டு அவன்ரை காலைப் பிடிச்சன். ஏலாது தங்கச்சி எண்டுபோட்டு எஞ்சினை இழுத்தான். நடுக்கடலிலை அலை விளிம்பாலை உள்ளுக்கை வந்துது. எல்லாரும் கையாலை இறைச்சுக்கொண்டு வந்தனாங்கள். இன்னும் ஒராள் ஏறியிருந்தால் ஒருத்தரும் வந்திருக்கமாட்டம்."

அம்மா அழவில்லை. விலாசம் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொன்னார்.

"கன வருசம் அவனைத் திட்டினன். செத்துப்போவாய் எண்டு திட்டினன். அவன் செய்தது பிழையில்லை, பிள்ளை. போ. போய்க் கழட்டு."

அத்தனை வருடம் அந்தக் குசினியில் அந்த மேலதிகச் சுண்டு அரிசியைப் பார்த்துச் சிரித்த ஆள் நான். காலையில் அவ்வளவு பேருக்கு முன்னால் கத்திய ஆளும் நான்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நேரமில்லை, கதவு திறந்து அந்த விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே போய்ப் பலகையில் அந்தத் தளத்தின் எடையை எழுதி, கோடு போட்டுக் கழித்தேன். படுக்கைகள், குடிதண்ணீர், வைத்திய அறை, அதைத் தாங்கிய இரும்பு, எல்லாம். மொத்தத்தைக் கூட்டினேன். கப்பல் எல்லைக் கோட்டுக்கு ஒரு விரற்கிடை மேலே நின்றது. இன்னொரு முறை கூட்டினேன். அங்கேயேதான் நின்றது.

பேராசிரியர் பலகையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"கடைசிக் கேள்வி. சண்டை முடிந்து கடலில் ஆட்கள் கிடக்கிறார்கள். உங்கள் கப்பல் என்ன செய்யும்?"

"ஏற்றக்கூடியவரை ஏற்றும்" என்றேன். "கப்பல் தாங்குகிற கடைசி ஆளோடு நிறுத்தும். யாராவது ஒருவர் கையைக் காட்டி நிறுத்தவேண்டும்."

"அது யார்?"

"கணக்குத் தெரிந்தவர்."

அவரும் விரிவுரையாளரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பேராசிரியர் எழும்பி நின்று, நான்கு என்று சொன்னார். ஜேர்மனியில் ஒன்று என்பது மிகச் சிறந்த புள்ளி, நான்கு என்பது தேறுவதற்கான கடைசிப் புள்ளி. அதற்குக் கீழே தோல்விதான். கை கொடுத்தார். அவர் கை சூடாக இருந்தது, என் கைதான் விறைத்துப்போய்க் கிடந்தது.

வெளியே வந்து, "பாஸ், அம்மா" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு வாங்கில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அந்த நீண்ட நடை முழுக்கக் கேட்க, அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். அப்போது நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். வழியில் போன மாணவர்கள் நான் தவறிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி கிட்ட வந்து, பரவாயில்லை, வேறு வழி இருக்கும் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டுப் போனாள். நான் தேறிய சந்தோசத்தில் அழுதேன். அம்மா தன் தங்கைக்காக அழுதார், என் கண் முன்னால் முதல் தடவையாக.